மாணவர் ஆக்கும் வரலாற்று வலைத்தளமும் ஆசிரியர் பயிற்சியும்

பாடநூலிற் கண்டதைப் படித்துப் பரீட்சையில் ஒப்புவித்தல் ஒன்று; ஒரு செய்திக்குச் சான்று தேடி, கிடைத்த சான்றுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தானே ஒரு முடிவுக்கு வருதல் மற்றொன்று. முன்னையது வரலாற்றைக் கற்றல். பின்னையது வரலாற்றை ஆக்கல். ஈழநாட்டுப் பாடசாலைகளில் முன்னையதே நெடுங்காலம் வரலாற்றுக் கல்வி எனப் பெயர் பெற்றுள்ளது. 1970களின் தொடக்கத்தில் எழுந்த சீர்திருத்தத்தால் வரலாறு என்னும் பாடமே சமூகக் கல்வியுட் கரைந்தது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேதான் அது மீண்டும் தனிப்பாடமாய்த் தலைநிமிர்ந்தது. அவ்வாறு மீண்ட பின்னரும் கற்பிக்கும் முறை பெரிதும் மாறிற்றென்று சொல்லுதற்கில்லை. இந்நிலையில், மாணவர் தாமே ஆராய்ந்து அமைக்கும் வரலாற்று வலைத்தளங்களுக்குப் போட்டி வைத்தல், அதற்கென ஆசிரியரைப் பயிற்றுதல் ஆகிய இரண்டும் நற்பயன் தருமா என்பது ஆராயத்தக்கது.

இத்தகைய போட்டிக்கு மூலமாய் அமைந்தது அமெரிக்க ஐக்கிய நாட்டின் 'தேசிய வரலாற்று நாள்' என்னும் முயற்சி. 1974இல் கிளீவ்லாந்து நகரிலுள்ள கேஸ் வெஸ்டேர்ன் றிசேவ் பல்கலைக்கழகத்தில் டேவிட் வான் டாசல் என்னும் வரலாற்றுப் பேராசிரியர் இதனைத் தொடங்கினார். அறிவியற் கண்காட்சி மாணவர்க்குச் செய்த நன்மையை வரலாறும் செய்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. இன்று ஆறாம் வகுப்பு முதற் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர் ஆண்டுதோறும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இதிற் பங்குகொள்வதாக அவ்வமைப்பினர் கூறுவர். கட்டுரை, காட்சிப் பலகை, நாடகம், ஆவணப் படம் என்பவற்றோடு வலைத்தளம் என்னும் பிரிவும் பிற்காலத்திற் சேர்ந்தது. இறுதிப் போட்டி மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் யூன் மாதத்தில் நிகழும்.

வலைத்தளப் பிரிவின் விதிகள் நோக்கற்பாலன. மாணவர் தம் சொந்த வாசகமாக எழுதுவது 1,200 சொல்லைத் தாண்டலாகாது. ஒவ்வொரு படைப்போடும் 500 சொல்லுக்குள் அமைந்த செய்முறைக் குறிப்பு ஒன்றும், குறிப்புரையோடு கூடிய மூலப் பட்டியல் ஒன்றும் இணைதல் வேண்டும். அப்பட்டியல் முதனிலைச் சான்று, வழிநிலைச் சான்று எனப் பிரிந்திருப்பதோடு, ஒவ்வொரு சான்றும் ஆய்வுக்கு எவ்வாறு பயன்பட்டதென்பதையும் ஓரிரு வாக்கியத்திற் சொல்லுதல் வேண்டும். நடுவர் மாணவரை நேரிற் கண்டு வினாவுவர். மதிப்பீட்டில் 80 வீதம் வரலாற்றுத் தரத்துக்கும் 20 வீதம் எடுத்துரைக்கும் தெளிவுக்கும் உரியன. இக்கடைசி விதியே இவற்றுட் சிறந்தது. படமும் நிறமும் அசைவும் நிறைந்த ஒரு பக்கம் கண்ணைக் கவருதல் எளிது. அக்கவர்ச்சிக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இடமில்லை என்று வரையறுத்தமை அனுபவத்தாற் பிறந்த அறிவு என்றே கொள்ளுதல் வேண்டும்.

ஆயினும் விதி நன்றாயிருத்தலும் அதனை நடத்துவோர் ஆயத்தமாயிருத்தலும் வேறு வேறு. இப்போட்டியைத் தமிழ்ப் பாடசாலைகளுக்குக் கொணர விழைவோர் பொதுவாக முதலில் எண்ணுவது கணினிப் பயிற்சியை. பக்கத்தை எவ்வாறு திறப்பது, படத்தை எவ்வாறு ஏற்றுவது, தலைப்புக்கு எந்த எழுத்தைத் தெரிவது என்பனவே பயிலரங்கின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இவை வேண்டாதன அல்ல. எனினும் பத்தாம் வகுப்பு மாணவன் இவற்றை ஒரு மாலைப்பொழுதில் தானே கற்றுக்கொள்வான். பல வேளைகளில் ஆசிரியருக்கே கற்பிப்பான். அவன் தானே கற்றுக்கொள்ள இயலாதது, கண்ணெதிரே உள்ள ஒரு செய்தியை எப்போது நம்புவது, எப்போது ஐயுறுவது என்பது.

இவ்விடத்தில் ஓர் ஆராய்ச்சி நினைவுகூரத்தக்கது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பேர்க், சாரா மக்குரூ ஆகிய இருவரும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றோர் பதின்மர், செய்தி நிறுவனங்களில் உண்மை சரிபார்ப்போர் பதின்மர், அப்பல்கலைக்கழக மாணவர் இருபத்தைவர் ஆகிய நாற்பத்தைவரிடம் சில வலைத்தளங்களைக் காட்டி, அவை நம்பத்தக்கனவா என வினாவினர். வரலாற்றறிஞரே வெல்வர் என்று எதிர்பார்த்தல் இயல்பு. நிகழ்ந்தது வேறு. வரலாற்றறிஞரிற் பலரும் மாணவரும் கண்முன் உள்ள பக்கத்தை மேலிருந்து கீழாக ஊன்றிப் படித்து, அதன் தோற்றம், பெயர், அடிக்குறிப்பு முதலியவற்றால் ஏமாந்தனர். உண்மை சரிபார்ப்போரோ அப்பக்கத்திற் சிறிதும் தங்காது, அதனை விட்டு வெளியேறி, அதனை நடத்துவோர் யார் என்பதைப் பிற இடங்களிற் தேடினர். விரைவிலும் சரியாகவும் முடிவு கண்டனர். அவ்வாறு பக்கவாட்டிற் படித்தலே வலையுலகுக்கு ஏற்ற படிப்பு என்பது அவ்வாராய்ச்சியாளர் கருத்து.

இது வரலாற்றாசிரியரின் புலமைக்கு இழுக்கு ஆகாது. ஏட்டையும் கல்வெட்டையும் படிப்போன் அதனுள் ஆழ்ந்து, எழுத்தெழுத்தாக நோக்குதல் வேண்டும். அங்கே பொறுமையே புலமை. ஏட்டுச் சுவடிகள் பலவற்றை ஒப்பிட்டுப் பாடபேதம் கண்ட உ. வே. சாமிநாதையரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் இருவகைப் படிப்பையும் ஒருங்கே செய்தோராவர். ஒரு சுவடியுள் ஆழ்ந்தனர், அதனை விட்டு வெளியேறி வேறு சுவடிகளையும் நோக்கினர். ஆகவே வரலாற்றுப் பட்டம் பெற்ற ஆசிரியர் ஒருவர் வலைத்தளப் போட்டிக்கு மாணவரை வழிநடத்தத் தாமே தகுதி பெற்றவர் என்று கொள்ளலாகாது என்பதே இவ்வாராய்ச்சியாற் பெறப்படுவது. அவருக்கும் பயிற்சி வேண்டும். அது பொத்தானை அழுத்தும் பயிற்சி அன்று.

இவ்வாறு பொதுவாகச் சொல்வதினும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு நோக்குதல் தெளிவு தரும். அம்பாறைக் கரையின் தென்கோடியில் உள்ள பொத்துவில் அதற்கு மிகப் பொருத்தமானது. 1961இல் அம்பாறை மாவட்டம் பிரியும்வரை மட்டக்களப்பு மாவட்டத்தோடு சேர்ந்திருந்த ஊர் அது. தமிழ்பேசும் முஸ்லிம்கள் பெரும்பான்மையினராய் வாழ, இந்துக்களும் சிங்களவரும் அயலில் வாழ்வர். தெற்கே பாணமையில் சிங்களமும் தமிழும் கலந்த குடும்பங்கள் உள்ளன. கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார் இவ்வழியாகவே உகந்தை முருகன் கோயிலை அடைந்து, குமணைக் காட்டினூடு செல்வர். மேற்கே லாகுகலையில் மகுல் மகா விகாரையின் இடிபாடுகள். ஊரின் கடலோர மணலிலே முகுது மகா விகாரையின் புத்தர் சிலையும் போதிசத்துவர் சிலைகளும். இத்தனையும் ஒரு மாணவன் துவிச்சக்கர வண்டியிலோ பேருந்திலோ சென்று காணக்கூடிய தொலைவில் உள்ளன. வரலாற்றுக்குப் பொருள் தேடி அவன் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை.

அம்மாணவன் முதலிற் செய்வது ஊர்ப்பெயருக்கு விளக்கம் தேடுதலாகவே இருக்கும். ஊர் வரலாறு எழுதும் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் தொடங்குவர். ஒலுவில், தம்பிலுவில், பொத்துவில் என இக்கரையில் 'வில்' என முடியும் பெயர்கள் பல. வில், வில்லு என்பன நீர்நிலையைக் குறிக்கும் சொற்கள் என்பதும், சிங்களத்து 'வில' என்பதோடு ஒத்தன என்பதும் அறிந்தோர் சொல்வன. ஊராரோ அரசர் கதை ஒன்றையும் அம்பு வில் கதை ஒன்றையும் சொல்லக்கூடும். மாணவனின் பக்கத்தில் அக்கதைகளுக்கு இடமுண்டு. ஆனால் அவை கதை என்ற பெயரோடு இடம்பெறுதல் வேண்டும். பெயர்க் கதை ஒன்று உண்மையல்லாதபோதும், ஒரு காலத்து மக்கள் தம்மூரைப் பற்றி எண்ணியது யாது என்பதற்கு அதுவே சான்றாகும். இந்த வேறுபாட்டை ஆசிரியர் உணர்த்தாவிடின், ஆயிரத்திருநூறு சொல்லில் முந்நூறு சொல் பெயர்க் கதையிலேயே அழியும்.

அடுத்து அவன் அணுகுவது விகாரமகாதேவியின் கதை. களனியரசன் மகள் கடலில் விடப்பட்டு, உறுகுணைக் கரையில் ஒதுங்கி, காவன்தீசன் என்னும் அரசனை மணந்து, துட்டகைமுனுவைப் பெற்றாள் என்பது மகாவம்சத்தின் 22ஆம் அத்தியாயம் கூறும் செய்தி. அவள் கரைசேர்ந்த இடம் பொத்துவிலே என்பது முகுது மகா விகாரையோடு இணைந்த மரபு; அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கிரிந்தையே அவ்விடம் என்பது மற்றொரு மரபு. திருமணம் நிகழ்ந்தது மகுல் மகா விகாரையில் என்பதும் வழக்கு. மகுல் என்னும் சிங்களச் சொல் திருமணத்தையும் மங்கலத்தையும் குறிப்பதால் அவ்வழக்கு மேலும் வலுப்பெற்றது. நிகழ்ச்சி கிறித்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டினது. மகாவம்சம் இயற்றப்பட்டது கிறித்துவுக்குப் பின் ஐந்தாம் அல்லது ஆறாம் நூற்றாண்டில். இடைவெளி அறுநூறு ஆண்டுக்கும் மேற்பட்டது. இதனை மாணவன் ஒரு கோட்டில் வரைந்து காட்டினாற் போதும். பாதிப் பாடம் முடிந்தது.

மற்றைப் பாதியே சுவையுடையது. மகுல் மகா விகாரையில் ஒரு கல்வெட்டு உண்டு. அதனைச் செனரத் பரணவிதான 'எபிகிராபியா செய்லானிக்கா' என்னும் தொகுதியிற் பதிப்பித்துள்ளார். அது விகாரமகாதேவி என்னும் அரசியையே குறிக்கின்றது. ஆனால் அவள் காவன்தீசன் மனைவி அல்லள். பராக்கிரமபாகு என்னும் பெயர் கொண்ட சகோதர மன்னர் இருவரின் தேவி. காலம் பதினான்காம் நூற்றாண்டு எனக் கருதப்படுவது. தாதுசேனன் எனக் கொள்ளப்படும் பழைய அரசன் கட்டிய விகாரை அழிந்து கிடக்கக் கண்டு, அவள் அதனைப் புதுக்கி நிலம் வழங்கினாள் என்பது அதன் பொருள். பெயர் ஒன்று, பெண்டிர் இருவர், இருவருக்கும் இடையே ஆயிரத்தைந்நூறு ஆண்டு. பிற்காலத்து அரசியின் பெயர் முற்காலத்து அரசியின் கதையை அவ்விடத்துக்கு இழுத்து வந்ததோ, அன்றி முற்காலத்துக் கதை முன்னரே அங்கு வழங்கியதோ என்பது வினா. ஒரு பாடசாலை மாணவனுக்கு இதனினும் சிறந்த ஆராய்ச்சிப் பொருள் ஈழநாட்டில் எங்குக் கிடைக்கும்?

கிடைத்த இப்பொருளைப் போட்டி விதி எவ்வாறு நடத்தும் என்பதே கேள்வி. தேசிய வரலாற்று நாளின் முறைப்படி ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு துணிபு, அதாவது தன் முடிவை ஓரிரு வாக்கியத்தில் நிலைநாட்டும் கூற்று, வேண்டும். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு கருப்பொருளும் உண்டு. 2024இல் 'வரலாற்றின் திருப்புமுனைகள்' என்பதும் 2025இல் 'உரிமைகளும் பொறுப்புகளும்' என்பதும் அவ்வாறு அமைந்தவை. மாணவன் சிதறாது எழுத இவை துணை செய்யும் என்பது உண்மை. ஆனால் துணிபைத் தொடக்கத்திலேயே எழுதச் செய்து, பின்னர் அதற்குச் சான்று தேடச் செய்தல் வழக்கறிஞர் தொழில். வரலாற்றறிஞர் தொழில் அன்று. மகுல் மகா விகாரையை ஆராய்ந்த மாணவனின் நேர்மையான முடிவு, 'இவ்வழக்கு எப்போது தோன்றிற்றென்று இச்சான்றுகளால் அறுதியிட இயலாது' என்பதாகவே இருக்கும். அம்முடிவுக்கு மதிப்பளிக்க நடுவரையும் பயிற்றாவிடின், ஆசிரியருக்கு அளித்த பயிற்சி அவர் மாணவரைத் தோல்விக்கு ஆயத்தப்படுத்திய பயிற்சியாகிவிடும். அமெரிக்க முறையின் பெருங்குறை இதுவே. அதனைப் பின்பற்றுவோர் முதலில் திருத்தவேண்டியதும் இதுவே.

இங்கே இன்னோர் இடர்ப்பாடும் உண்டு. அதனைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. முகுது மகா விகாரையின் எல்லை பொத்துவில் மக்களின் குடியிருப்புக் காணிகளோடு பிணங்கிய எல்லை. 2020 யூன் 2ஆம் திகதி கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமை முகாமைக்கெனச் சனாதிபதி செயலணி ஒன்று நியமிக்கப்பட்டபோது, அதில் முதலில் தமிழ்பேசும் உறுப்பினர் எவரும் இடம்பெறாமை பெரிதும் கண்டிக்கப்பட்டது. தம் வீடுவளவு போய்விடுமோ என்னும் அச்சமும் ஊரிற் பரவிற்று. இந்நிலையில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி அவ்விகாரையைப் பற்றி ஒரு வலைத்தளம் அமைத்தால், அதனை உலகம் போட்டிப் படைப்பாகப் படிக்காது. ஒரு தரப்பின் வாக்குமூலமாகவே படிக்கும். அஞ்சி அப்பொருளைத் தொடாதே என்று விலக்குதல் ஆசிரியருக்கு எளிது. அவ்வாறு விலக்கினால், அவ்வூர்ப் பிள்ளைகள் தம் ஊரின் பழைமையான சின்னத்தைப் பற்றிப் பிறர் எழுதியதை மட்டுமே படிப்பர். பழைமைச் சின்னம் உண்மை. இன்று அங்கு வாழ்வோரின் வாழ்வும் உண்மை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது என்பதைப் பிள்ளை தன் சொல்லில் எழுதக் கற்பித்தலே பயிற்சியின் உச்சம் எனலாம். பக்கத்து லாகுகலையிலோ பாணமையிலோ உள்ள சிங்களமொழிப் பாடசாலை மாணவரோடு சேர்ந்து எழுதச் செய்தால் இன்னும் நன்று. கல்வெட்டு சிங்களம், நூல் பாளி, பதிப்பு ஆங்கிலம், எழுதுவோன் தமிழன். ஒருவனால் தனியே ஆகக்கூடிய வேலையன்று இது. அமெரிக்க விதியும் ஐவர்வரை கூடி எழுத இடந்தருகின்றது.

தமிழ்ச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மட்டக்களப்பு மாவட்ட வரலாற்று நூலும், எவ். எக்ஸ். சி. நடராசா 1962இற் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மிய'மும், வி. சி. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழக'மும் உள்ளன. இவற்றுள் மான்மியத்தை மாணவர் முதனிலைச் சான்று என எழுதுவர். ஏட்டில் இருந்ததன்றோ என்பது அவர் வாதமாயிருக்கும். பல காலத்துச் செய்திகள் படையாகப் படிந்த ஏடு அது. எக்காலத்துக்கு அது முதனிலைச் சான்று என்று மாணவனைக் கேட்டால், அவ்வொரு வினாவே ஒரு பாடமாகும். இக்கரைத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் 'குடி' முறையைப் பொதுவாகக் கொண்டவர் என்பதும், கோயில் வண்ணக்கரும் பள்ளிவாசல் மரைக்காயரும் குடிவழியே அமைந்தனர் என்பதும் அறிஞர் கவனத்தை ஈர்த்த செய்திகள். டெனிஸ் மக்கில்வ்றே அக்கரைப்பற்றிற் பல ஆண்டுகள் கள ஆய்வு செய்து 2008இற் பெருநூல் ஒன்றே எழுதினார். அந்நூலிற் கண்டதைத் தன் மூத்தம்மாவிடம் கேட்டுச் சரிபார்க்கும் வாய்ப்பு அமெரிக்க மாணவனுக்கு இல்லை. பொத்துவில் மாணவனுக்கு உண்டு. வட்டை, போடியார், வட்டவிதானை, கரைவலை என்னும் சொற்களின் பொருளை அகராதியின்றி அறிந்தவன் அவன்.

வாய்மொழிச் சான்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் நன்மையும் தீமையும் அங்கேயே செறிந்துள்ளன. 2004 திசெம்பர் 26ஆம் திகதி எழுந்த கடற்பேரலையில் ஈழநாட்டில் மிகுதியான உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம்; இறந்தோர் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். இன்று பத்தாம் வகுப்பிற் படிக்கும் பிள்ளைகள் அந்நாளிற் பிறந்திலர். அவர்க்கு அது கேள்விச் செய்தி. அவர்தம் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் அது கண்ணாற் கண்ட அழிவு. வீட்டுக்குள்ளேயே முதனிலைச் சான்று உயிரோடு உலாவும் இத்தகைய ஆராய்ச்சிப் பொருள் அரிது. ஆனால் பிள்ளை கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு தாயின் முன் அமர்ந்து, இழந்த குழந்தையைப் பற்றிக் கேட்கும்போது, அங்கு நிகழ்வது நேர்காணல் மட்டுமன்று. எந்த வினாவைக் கேட்பது, எவ்விடத்தில் நிறுத்துவது, சொன்னவர் 'இதனைப் போடாதே' என்றால் என்செய்வது, பெயரை வெளியிடுவதா மறைப்பதா என்பவற்றை ஆசிரியர் முன்னரே தாமும் பயின்று, பிள்ளைக்கும் பயிற்றியிருத்தல் வேண்டும். பயிலரங்கில் ஆசிரியர் இருவர் இருவராக அமர்ந்து, தம்முள் ஒருவரையொருவர் நேர்காணல் செய்து பார்ப்பாராயின், கேள்வி கேட்பது எவ்வளவு கூரிய கருவி என்பதை அரைமணி நேரத்தில் உணர்வர்.

இன்னும் கொடியன உள்ளன. 2006 செப்டெம்பரிற் பொத்துவிலை அடுத்த குளப்பகுதி யொன்றில் வேலைக்குச் சென்ற முஸ்லிம் தொழிலாளர் பத்துப் பேர் கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகளும் அரச படையினரும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டினர். இதனை ஒரு மாணவன் ஆராய விரும்பின், ஆசிரியர் 'ஆகாது' என்று சொல்லவேண்டியவராகலாம். வரலாறு ஆகாது என்பதற்கன்று. குற்றவாளி யார் என்னும் வினாவுக்குத் துணிபு எழுதி மதிப்பெண் பெறும் சுமையை ஒரு பிள்ளையின் தோளில் ஏற்றலாகாது என்பதற்கு. வழிகாட்டல் என்பதில் தடுத்தலும் அடங்கும். அமெரிக்க வழிகாட்டி நூல்களில் இப்பகுதி மெலிந்தே காணப்படுகின்றது. அவர்கள் மாணவர் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பவை ஆறிப்போன வரலாறுகள்.

ஆயினும் அவ்வமைப்பின் மற்றொரு திட்டம் கற்கத்தக்க ஒன்று. 2011 முதல் நடந்த 'நோர்மண்டி' நிறுவகம் என்னும் திட்டத்தில் ஆசிரியர் ஒருவரும் மாணவர் ஒருவரும் இணையாகச் சேர்வர், பதினைந்து இணைகள். இரண்டாம் உலகப் போரில் இறந்து பிரான்சில் அடக்கப்பட்ட தம் ஊர்ப் போர்வீரன் ஒருவனைத் தெரிந்து, இருவரும் ஒரே நூல்களைப் பல மாதம் படித்து, ஆவணங்களைத் தேடி, பின்னர் அவன் கல்லறையருகே நின்று மாணவர் நினைவுரை வாசிப்பார். அவ்வீரனைப் பற்றி ஒரு வலைத்தளமும் அமைப்பார். இதன் சிறப்பு யாதெனில், ஆசிரியர் இங்கே மேற்பார்வையாளர் அல்லர்; உடன்கற்பவர். ஆவணம் கிடையாமையின் சலிப்பையும், கிடைத்த ஆவணம் முன்னெண்ணியதைப் பொய்யாக்கும் ஏமாற்றத்தையும் அவரும் அனுபவிக்கின்றார். ஓர் ஆராய்ச்சியைத் தாம் செய்து முடித்தறியாதவர் பிறருக்கு அதனைக் கற்பிக்க முயல்வது, நீந்தத் தெரியாதவர் கரையில் நின்று கைகாட்டுவதை ஒக்கும். அட்டாளைச்சேனைத் தேசியக் கல்வியியற் கல்லூரியும் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அருகிலேயே உள்ளன. பயிலும் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் ஊரைப் பற்றி ஒரு சிறு வலைத்தளத்தைத் தாமே ஆராய்ந்து அமைத்த பின்னரே மாணவரை வழிநடத்தலாம் என்று விதிப்பது செலவில்லாத சீர்திருத்தம்.

இதனை வற்புறுத்தக் காரணம் உண்டு. பேச்சுப் போட்டிக்கு ஆசிரியர் எழுதிக்கொடுக்க மாணவர் மனனஞ் செய்து கையசைத்து ஒப்புவித்தலும், கட்டுரைப் போட்டிக்கு வீட்டிலுள்ள பெரியோர் திருத்தித் திருத்தி முழுதும் தம்முடையதாக்கி அனுப்புதலும் தமிழ்ப் பாடசாலை உலகம் நன்கறிந்தவை. கோட்டம், வலயம், மாகாணம் எனப் படிப்படியாக வெற்றி உயர உயர, மாணவரின் பங்கு படிப்படியாகக் குறைவதும் உண்டு. வலைத்தளம் இவ்வழக்குக்கு மேலும் இடந்தருவது. யார் எழுதினார் என்று கையெழுத்தைக் கொண்டு அறிய வழியில்லை. அண்மையிற் பரவிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ ஆசிரியரின் உதவியும் வேண்டாதபடி செய்துவிட்டன. செய்முறைக் குறிப்பு இதற்கு மருந்து என்பர். அதனையும் பிறர் எழுதிக்கொடுக்கலாம். மெய்யான மருந்து நடுவரின் நேர்காணலே. 'இக்கல்வெட்டின் பதிப்பை எங்கே கண்டாய்? அதில் உனக்கு விளங்காத இடம் எது?' என்று கேட்டாற் போதும். தானே தேடியவன் விளங்காத இடங்களைச் சொல்லி மகிழ்வான். பிறர் தேடித் தந்ததைக் கொண்டவன் எல்லாம் விளங்கிற்றென்பான்.

தமிழில் எழுதுவதால் எழும் சில சிறு செய்திகளும் பயிற்சியில் இடம்பெறற்பாலன. 1,200 சொல் என்னும் எல்லை ஆங்கிலத்துக்கு வகுத்தது. 'எழுதிக்கொண்டிருந்தவர்களுடைய' என்னும் ஒரு தமிழ்ச்சொல்லை ஆங்கிலத்திற் சொல்ல ஐந்து சொல் வேண்டும். ஆகவே அதே எல்லை தமிழ் மாணவனுக்கு மிகையான இடம் தருகின்றது. மிகையான இடம் கிடைத்தால் மிகையாகவே எழுதுவது பிள்ளைகளின் இயல்பு. எண்ணூறு சொல் போதும். மற்றொன்று எழுத்துரு. ஈழநாட்டுத் தட்டெழுத்தாளரும் ஆசிரியரும் பலர் இன்றும் பாமினி எழுத்துருவிலேயே எழுதுவர். அஃது ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தது; அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அப்பக்கத்தைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கூட்டமே தோன்றும்; தேடுபொறியிலும் அகப்படாது. 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழைச் சேர்த்துக்கொண்ட யூனிக்கோடு முறையிற் பக்கங்கள் அமைதல் வேண்டும். இஃது அற்பச் செய்தி போலத் தோன்றும். ஓராண்டு உழைத்த உழைப்பு எவரும் படிக்கவியலாத குப்பையாதல் அற்பமன்று.

இறுதியாக, போட்டி முடிந்த பின் அவ்வலைத்தளம் என்னாகும் என்பதையும் நோக்கவேண்டும். 1996இல் அமெரிக்காவிற் தொடங்கிய 'திங்குவெஸ்ட்' என்னும் போட்டியில், பல நாட்டு மாணவர் குழுக்கள் கல்விக்கான வலைத்தளங்களை ஆயிரக்கணக்கில் ஆக்கின. ஆசிரியர் அவற்றைப் பயிற்றுவோராக நின்றனர். 2002இல் ஒராக்கிள் நிறுவனத்தின் கல்வி அறக்கட்டளை அதனை ஏற்றது. 2013 யூலை முதலாந் திகதி அது மூடப்பட்டது. மாணவர் ஆக்கிய அந்நூலகமும் அதனோடு வலையினின்று நீங்கிற்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூலோடு எரிந்ததை உலகம் அறியும். திங்குவெஸ்ட் மறைந்ததை அறிந்தவர் சிலரே. தீயும் புகையும் இல்லாத இழப்பு இது. நூலோ ஏடோ பிரதி பிரதியாய் ஊர் ஊராய்ப் பரவுவது. வலைத்தளம் ஒருவரின் கணினியில், ஒருவரின் கட்டணத்தில், ஒருவரின் மறதியில் தங்கியிருப்பது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் பல ஆண்டு உழைத்து 1947இல் வெளியிட்ட 'யாழ்நூல்' இன்றும் கைக்கெட்டுவதற்குக் காரணம் அது அச்சிலும் பிரதிகளிலும் வாழ்வதே. 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனம் போன்ற ஒன்றிடம் ஒவ்வொரு மாணவர் படைப்பின் பிரதியையும், நேர்காணலின் ஒலிப்பதிவையும், சொன்னவரின் இசைவுக் கடிதத்தையும் ஒப்படைத்தல் போட்டி விதிகளுள் ஒன்றாதல் வேண்டும். இசைவுக் கடிதம் தமிழில் இருத்தல் வேண்டும். அதனைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்டியவர் ஆசிரியரா, மாணவரா என்பதும் அதில் எழுதப்படுதல் நன்று.